நம்மைச் சுற்றி வருவது: வீட்டுப் பூனையின் தோற்றமும் தொடக்க வரலாறும்

நபித்தோழர் அபூ கதாதா (ரழி) அவர்கள் ஒருமுறை தம் மகனின் வீட்டுக்கு வந்திருந்தார்கள். மருமகளான கப்ஷா பின்த் கஅப் அவர்கள் வுழூ செய்வதற்கென அவருக்குத் தண்ணீர் எடுத்துவைத்தார்கள். அவ்வேளை அங்கு வந்த பூனையொன்று அந்நீரைக் குடிக்க முற்பட்டது. அபூ கதாதா அதனை விரட்டவில்லை. அது குடித்து முடிக்கும் வரை பாத்திரத்தைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். வியப்போடு நோக்கிய மருமகளிடம், பூனை அசுத்தமானதன்று என்றும் அது மனிதரைச் சுற்றி வருபவற்றுள் ஒன்று என்றும் நபி (ஸல்) அவர்கள் கூறியிருப்பதை எடுத்துரைத்தார்கள். இமாம் மாலிக்கின் முவத்தாவிலும், அபூதாவூத், திர்மிதீ, நஸாஈ, இப்னு மாஜா ஆகிய தொகுப்புகளிலும் இச்செய்தி பதிவாகியுள்ளது.

இந்த ஹதீஸை நம்மில் பெரும்பாலோர் சுத்தம் பற்றிய பாடத்தில்தான் படித்திருப்போம். பூனை வாய்வைத்த நீர் தூய்மையானதா என்பதே அங்கு எழுப்பப்படும் வினா. ஷாபிஈ மத்ஹப் அது தூய்மையானது என்கிறது. ஹனபி மத்ஹபில் இமாம் அபூ ஹனீபா அதனைச் சிறிய அளவில் வெறுக்கத்தக்கதாகக் கருதினார். எனினும் இச்சட்டத்துக்குக் கூறப்பட்ட காரணத்தை நாம் ஆழ்ந்து நோக்குவதில்லை. ‘தவ்வாஃபீன்’, ‘தவ்வாஃபாத்’ – அதாவது சுற்றி வருபவர்கள் – என்ற சொற்கள் இங்கு ஆளப்பட்டுள்ளன. வீட்டுக்குள் தடையின்றி வந்துபோகும் பணியாளரையும் சிறுவரையும் பற்றி அல்-குர்ஆன் (24:58) பேசும்போதும் இதே வேர்ச்சொல்லே கையாளப்படுகிறது. பூனை பிடித்துக் கட்டிவைக்கப்பட்ட உடைமையாக இங்கு வருணிக்கப்படவில்லை. தானாக வந்து, நம்மிடையே உலவி, தானாகச் செல்லும் ஓர் உயிராகவே அது சுட்டப்படுகிறது.

அண்மைக் கால விஞ்ஞான ஆய்வுகள் வீட்டுப் பூனையின் தோற்றம் பற்றிக் கண்டறிந்தவற்றை இக்கட்டுரையில் தொகுத்து நோக்க விரும்புகின்றோம். பூனை எங்கிருந்து வந்தது? எப்போது, எவ்வாறு மனிதனை அண்டியது? அதன்மீது மனிதனுக்குள்ள பொறுப்பு யாது? இம்மூன்று வினாக்களும் ஒன்றோடொன்று பிணைந்தவை என்பது கட்டுரையின் இறுதியில் தெளிவாகும்.

பூனைக் குடும்பத்தின் வேர்கள்

நூஹ் (அலை) அவர்களின் கப்பலில் எலிகள் பெருகித் தொல்லை கொடுத்ததாகவும், அப்போது சிங்கம் தும்ம, அதன் மூக்கிலிருந்து பூனைகள் வெளிப்பட்டதாகவும் ஒரு கதை பழைய விரிவுரை நூல்கள் சிலவற்றில் காணப்படுகின்றது. இதனை வரலாறாகக் கொள்வதற்கில்லை. ஆயினும் அக்கதையைக் கூறியோர் இரண்டு செய்திகளைக் கவனித்திருந்தனர் என்பதை மறுக்கவியலாது. பூனை சிங்கத்தின் உறவு என்பது ஒன்று. மனிதனிடத்தில் பூனைக்கு இடம் கிடைத்தது எலியின் பொருட்டே என்பது மற்றொன்று.

இவற்றுள் முதலாவதைத் தொல்லுயிர் எச்சங்களும் மரபணு ஆய்வுகளும் உறுதிப்படுத்துகின்றன. ஏறத்தாழ 3 கோடி ஆண்டுகளுக்கு முன்னர் ஐரோப்பாவில் வாழ்ந்த ‘புரோஅய்லூரஸ்’ என்னும் சிறு விலங்கே பூனை இனத்தின் மிகப் பழைய எச்சமாகக் கருதப்படுகிறது. இன்று வாழும் பூனை இனங்கள் அனைத்தும் எட்டுக் கிளைகளாகப் பிரிந்தவை என்பதை 2006-ஆம் ஆண்டு வெளியான ஒரு மரபணு ஆய்வு காட்டியது. சிங்கம், புலி, சிறுத்தை ஆகியன அடங்கிய பெரும் பூனைகளின் கிளை சுமார் 1 கோடியே 8 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் முதலாவதாகப் பிரிந்தது. வீட்டுப் பூனை இடம்பெறும் சிறு பூனைகளின் கிளையோ மிகவும் பிற்பட்டது. அக்கிளையிலுள்ள இன்றைய இனங்கள் சுமார் 34 இலட்சம் ஆண்டுகளுக்கு முன்னர்தான் ஒன்றிலிருந்து ஒன்று விலகத் தொடங்கின.

இக்குடும்பத்துக்குரிய தனிப்பண்பு அதன் உணவு முறையாகும். நாயும் கரடியும் இறைச்சியோடு தாவர உணவையும் உண்டு வாழவல்லன. பூனையால் அது இயலாது. ‘டோரின்’ எனப்படும் சத்தைப் போதிய அளவில் அதன் உடலால் ஆக்கிக்கொள்ள முடியாது. இறைச்சியிலிருந்தே அதனைப் பெறவேண்டும். இனிப்புச் சுவையை உணர்வதற்கு வேண்டிய இரு மரபணுக்களில் ஒன்று பூனை இனம் முழுவதிலும் செயலிழந்துள்ளது என 2005-இல் கண்டறியப்பட்டது. எனவே தேனும் பாகும் பூனைக்குச் சுவையற்றவை. முற்றிலும் இறைச்சியை நம்பி வாழும் விலங்காகவே அது உருவாகியுள்ளது. இச்செய்தியை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ளல் வேண்டும். பூனை மனிதனை நாடி வந்த வரலாற்றுக்கு இதுவே திறவுகோலாகும்.

பரிணாமம் என்ற சொல்லைக் கண்டதும் நம் வாசகர் சிலருக்குத் தயக்கம் ஏற்படக்கூடும். மனிதனின் படைப்புப் பற்றிய விவாதம் தனியானது. அதனை இங்கு நாம் எடுத்துக்கொள்ளவில்லை. விலங்குகள் காலப்போக்கில் பிரிந்து வேறுபட்டமை பற்றிய செய்திகளை ஆராய்வது, பூமியில் பயணித்துப் படைப்பு எவ்வாறு தொடங்கிற்று என நோக்குமாறு பணிக்கும் இறைவசனத்துக்கு (29:20) முரணாகாது. அந்நோக்குதலின் ஒரு வடிவமே இது என நாம் கருதுகின்றோம்.

களஞ்சியமும் சுண்டெலியும்

மனிதன் வளர்க்கத் தொடங்கிய விலங்குகளுள் ஆடு, மாடு, குதிரை முதலியன கூட்டமாக வாழ்பவை, தலைமைக்குக் கீழ்ப்படிபவை, புல்லை உண்பவை. அவற்றை அடைத்துவைத்து, விரும்பிய குணமுடையவற்றைத் தேர்ந்து இனப்பெருக்கம் செய்விக்க மனிதனால் முடிந்தது. பாலும் இறைச்சியும் உழைப்பும் அவற்றின் பயன்களாயின. காட்டுப்பூனை இவற்றுள் எதற்கும் பொருந்தாது. அது தனித்து வாழும், தன் எல்லையைக் காக்கும், எவருக்கும் கீழ்ப்படியாது, மனிதனே அரிதாகப் பெறும் இறைச்சியையன்றி வேறெதையும் உண்டு வாழாது. இத்தகைய விலங்கை உழவன் ஒருவன் திட்டமிட்டுப் பிடித்து வளர்க்க முற்பட்டிருப்பான் என்று கொள்வது கடினம்.

நடந்தது வேறு. மத்தியதரைக் கடலின் கிழக்குக் கரையை அடுத்த நிலங்களில் நத்தூபியர் என ஆய்வாளர் அழைக்கும் வேட்டை மக்கள் சுமார் 15,000 ஆண்டுகளுக்கு முன்னரே ஓரிடத்தில் தங்கி வாழத் தலைப்பட்டனர். அவர்களது குடியிருப்புகளில் கிடைத்த எலிப் பற்களை ஆராய்ந்தோர், வீட்டுச் சுண்டெலி அக்காலத்திலேயே மனிதக் குடியிருப்புகளில் நிலைகொண்டுவிட்டதைக் கண்டனர். உழவுத்தொழில் இன்னும் தொடங்காத காலம் அது. பின்னர் கோதுமையும் வாற்கோதுமையும் விளைவிக்கப்பட்டன, தானியம் சேமிக்கப்பட்டது, எலிகள் பன்மடங்காயின. குப்பை மேடுகளும் உணவு எச்சங்களும் குவிந்தன.

எலி மிகுந்த இடத்தைக் காட்டுப்பூனை நாடுவது இயல்பு. மனிதனைக் கண்டு அஞ்சி ஓடிய பூனைகளுக்கு அங்கு இடமில்லாது போயிற்று. அச்சம் சற்றுக் குறைந்தவை களஞ்சியத்தின் அருகே தங்கின, நன்கு உண்டன, அதிகக் குட்டிகளை ஈன்றன. அக்குட்டிகளும் தாயைப் போன்று அச்சம் குறைந்தவையாயிருந்தன. இவ்வாறு தலைமுறை தலைமுறையாக மனிதனைச் சகித்துக்கொள்ளும் பூனைகள் பெருகின. மனிதனும் அவற்றைச் சகித்துக்கொண்டான். அவனது தானியத்தை அவை தொடவில்லை, தானியத்தைத் தொட்டவற்றையே அவை உண்டன. இங்கு பிடித்தவனும் இல்லை, பிடிபட்டதும் இல்லை. இரு தரப்புக்கும் தீங்கில்லாத ஓர் அண்டிவாழ்வாகவே இது தொடங்கிற்று எனலாம்.

சைப்பிரஸ் தீவின் புதைகுழி

இவ்வுறவின் தொன்மையைக் காட்டும் மிகத் தெளிவான சான்று சைப்பிரஸ் தீவின் ஷிலுரோகம்போஸ் என்னும் புதிய கற்காலக் குடியிருப்பில் கிடைத்தது. பிரெஞ்சு ஆய்வாளர் ஜான்-டெனி வீஞ் தலைமையிலான குழுவினர் 2004-இல் இதனை வெளியிட்டனர். சுமார் 9,500 ஆண்டுகள் பழைமையான ஒரு மனிதப் புதைகுழிக்கு 40 சென்ரிமீற்றர் தொலைவில் சிறு குழியொன்று தோண்டப்பட்டு, ஏறத்தாழ எட்டு மாத வயதுடைய பூனையொன்று முழுமையாக அடக்கம் செய்யப்பட்டிருந்தது. அதன் எலும்புகள் சிதறாமல் ஒழுங்காக இருந்தன. அறுத்து உண்ணப்பட்டதற்கான அடையாளம் எதுவும் இல்லை. மனித உடலோடு மெருகேற்றிய கற்கருவிகளும் கடற்சிப்பிகளும் வைக்கப்பட்டிருந்தன.

சைப்பிரஸ் கடலால் சூழப்பட்ட தீவு. காட்டுப்பூனைகள் அங்கு இயற்கையாக வாழ்ந்ததில்லை. ஆகவே யாரோ அவற்றைப் படகில் ஏற்றிக் கொண்டுசென்றிருக்க வேண்டும். எகிப்தின் பிரமிடுகளுக்கு ஏறக்குறைய ஐயாயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட நிகழ்ச்சி இது. பூனையை முதன்முதலாகப் பழக்கியோர் எகிப்தியரே என்று அதுவரை நிலவிய கருத்து இக்கண்டுபிடிப்பால் அசைவுற்றது.

எனினும் ஒரு வேறுபாட்டை நாம் மனங்கொள்ள வேண்டும். ஒரு விலங்கைப் பழக்குவது வேறு. ஓர் இனமே மனிதனோடு வாழத்தக்கதாக மாறுவது வேறு. சைப்பிரஸ் பூனையின் எலும்புகள் அளவிலும் அமைப்பிலும் காட்டுப்பூனையின் எலும்புகளையே ஒத்திருந்தன. ஒரு மனிதனுக்கும் ஒரு பூனைக்கும் இடையே நெருக்கம் இருந்தது என்பதை அப்புதைகுழி காட்டுகின்றது. இன்று நம் வீடுகளில் உலவுவன அதன் வழித்தோன்றல்களா என்பது அதனால் தெளிவாகவில்லை.

தாய்வழியும் முழுமையான வமிசாவழியும்

இவ்வினாவுக்கு விடைகாண மரபணு ஆய்வாளர் முன்வந்தனர். கார்லோஸ் டிரிஸ்கொல் உள்ளிட்ட குழுவினர் 979 பூனைகளின் மரபணுக்களை ஒப்பிட்டு 2007-இல் முடிவுகளை வெளியிட்டனர். ஐரோப்பா, தென் ஆபிரிக்கா, மத்திய ஆசியா, சீனப் பாலைநிலம், மேற்கு ஆசியா ஆகிய ஐந்து பகுதிகளின் காட்டுப்பூனைகள் தனித்தனிக் குழுக்களாக அமைந்தன. உலகெங்குமுள்ள வீட்டுப் பூனைகளோ மேற்கு ஆசியக் காட்டுப்பூனைக் குழுவோடு ஒன்றாக நின்றன. ‘பெலிஸ் லிபிக்கா’ என அழைக்கப்படும் இவ்வினம் வட ஆபிரிக்காவிலும் அறபு நிலங்களிலும் இன்றும் வாழ்கின்றது. மணல் நிறமும் மங்கிய கோடுகளும் உடைய அதனைக் கண்டால் பலர் வீட்டுப் பூனை என்றே எண்ணுவர்.

2017-இல் கிளோடியோ ஒட்டோனி, ஈவா-மரியா கைகல் ஆகியோர் உள்ளிட்ட குழு, தொல்லியல் தளங்களில் கிடைத்த இருநூறுக்கும் மேற்பட்ட பழைய பூனைகளின் மரபணுக்களை ஆராய்ந்தது. பூனைகள் இரண்டு அலைகளாகப் பரவின என அது கூறிற்று. அனத்தோலியாவிலிருந்து உழவர்களோடு ஐரோப்பாவுக்குச் சென்றது முதல் அலை. எகிப்திலிருந்து கப்பல்களில் சென்றது இரண்டாவது அலை. பல ஆண்டுகள் இதுவே ஏற்றுக்கொள்ளப்பட்ட வரலாறாக இருந்தது.

2025-இன் இறுதியில் இவ்வரலாறு திருத்தப்பட்டது. முந்திய ஆய்வில் பங்குகொண்ட ஒட்டோனியும் அங்கம் வகித்த ஒரு குழு, 70 பழைய பூனைகள் உட்பட 87 பூனைகளின் முழு மரபணுத் தொகுதியை ஆராய்ந்தது. அனத்தோலியாவிலும் ஐரோப்பாவிலும் வாழ்ந்த கற்காலப் பூனைகள் வீட்டுப் பூனைகளே அல்ல, அவை ஐரோப்பியக் காட்டுப்பூனைகள் என்பது வெளிப்பட்டது. மெய்யான வீட்டுப் பூனை ஐரோப்பாவை அடைந்தது சுமார் 2,000 ஆண்டுகளுக்கு முன்னர்தான்; அது வந்த திசையும் வட ஆபிரிக்காவே.

ஒரே எலும்புகள் முன்னர் ஒரு முடிவையும் பின்னர் மற்றொரு முடிவையும் தந்தது எவ்வாறு? நம் வாசகர்களுக்கு இதனை விளக்குவது எளிது. 2017-ஆம் ஆண்டு ஆய்வு பெரிதும் இழைமணி மரபணுவைச் சார்ந்திருந்தது. அம்மரபணு தாயிடமிருந்து மட்டுமே கிடைப்பது. தாய், தாயின் தாய், அவளது தாய் என ஒரே சங்கிலியாக அது செல்கிறது. எப்போதோ ஒரு லிபிக்கா பெண் பூனை ஐரோப்பியக் காட்டுப்பூனையோடு கூடி, அவளது பெண் வழித்தோன்றல்களும் தொடர்ந்து அவ்வாறே கூடினால், ஒவ்வொரு தலைமுறையிலும் அவளது பங்கு பாதியாகக் குறையும். ஏழாம் தலைமுறையில் அது 128-இல் ஒரு பங்காகிவிடும். அப்பூனை ஏறத்தாழ முற்றிலும் ஐரோப்பியக் காட்டுப்பூனையே. ஆயினும் அதன் தாய்வழிக் குறி மட்டும் லிபிக்கா என்றே சாட்சி சொல்லும். சாட்சி பொய்யன்று, ஆனால் அது சொல்லியது ஒரு வழியைப் பற்றி மட்டுமே. உயிர்க்கலத்தின் கருவிலுள்ள மரபணுத் தொகுதி தாய், தந்தை ஆகிய இருவழி முன்னோர் அனைவரிடமிருந்தும் வருவது. அதனை வாசித்தபோதுதான் முழு வரலாறும் வெளிவந்தது.

ஹதீஸ் கலையோடு தொடர்புடையோருக்கு இம்முறை அந்நியமானதன்று. தனித்தொரு அறிவிப்பாளர் வரிசையால் கிடைக்கும் செய்தியையும் பல வழிகளால் வலுப்பெறும் செய்தியையும் நம் முன்னோர் ஒரே தராசில் நிறுத்ததில்லை. எல்லா வழிகளையும் ஒன்றுதிரட்டி ஒப்பிட்ட பின்னரே குறை எங்குள்ளது எனக் கண்டனர். விஞ்ஞானம் தன் கூற்றை மாற்றிக்கொள்வதைச் சிலர் அதன் பலவீனமாகக் காட்டுவர். முந்திய ஆய்வில் பங்குகொண்டவரே மேலான சான்று கிடைத்ததும் திருத்தத்திலும் பங்குகொண்டமை பலவீனமன்று. அறிவுக்குரிய அமானிதம் அது.

எகிப்து: போற்றுதலும் பலியும்

இவ்வாறு ஆய்வாளரின் பார்வை மீண்டும் வட ஆபிரிக்காவை நோக்கித் திரும்பியுள்ளது. மேல் எகிப்தின் ஹியராகொன்பொலிஸ் நகரில், பேரரசர் காலத்துக்கு முற்பட்ட ஒரு புதைகுழியில் இரு வளர்ந்த பூனைகளும் நான்கு குட்டிகளும் ஒன்றாகக் கண்டெடுக்கப்பட்டன. கி.மு. நான்காம் ஆயிரத்தாண்டின் முற்பகுதியைச் சேர்ந்தது அக்குழி. பிற்காலத்தில் பூனை எகிப்தியரின் வீட்டு விலங்காயிற்று; அதன் பின்னர் ‘பாஸ்தெத்’ என்னும் பெண் தெய்வத்தின் உருவமுமாயிற்று. வீட்டில் பூனை இறந்தால் குடும்பத்தார் தம் புருவங்களை மழித்துக்கொள்வர் எனக் கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் எழுதியுள்ளார்.

இப்போற்றுதலுக்கு மற்றொரு பக்கமும் உண்டு. தெய்வத்துக்குக் காணிக்கையாக்கும் பொருட்டு இலட்சக்கணக்கான பூனைகள் பதப்படுத்தப்பட்டன. அவ்வுடல்களைக் கதிர்ப்படத்தின் மூலம் ஆராய்ந்தபோது, அவற்றுட் பல கழுத்து முறிக்கப்பட்ட இளம் பூனைகள் எனத் தெரியவந்தது. விற்பனைக்கென்றே அவை வளர்க்கப்பட்டுக் கொல்லப்பட்டிருந்தன. 1888-இல் பெனீ ஹசன் அருகே வெளிப்பட்ட இத்தகைய உடல்களுள் சுமார் 19 தொன் 1890-இல் இங்கிலாந்தின் லிவர்பூலுக்குக் கப்பலேற்றப்பட்டு, வயலுக்கு உரமாக ஏலம் விடப்பட்டது. ஒரு காலத்தவர் பூனையை வணங்கிக் கொன்றனர். மற்றொரு காலத்தவர் அதன் உடலை எருவாக்கினர். இரு செயல்களிலும் அவ்வுயிரின் உரிமையை எவரும் எண்ணிப்பார்க்கவில்லை.

இவற்றினின்று வேறுபட்ட ஒரு காட்சியைச் செங்கடல் துறைமுகமான பெரெனிகேயில் காண்கின்றோம். தென்னிந்தியாவின் மிளகு வந்திறங்கிய துறை அது. கி.பி. முதலிரு நூற்றாண்டுகளைச் சேர்ந்த ஒரு விலங்கு இடுகாடு அங்கு அகழப்பட்டது. அடக்கம் செய்யப்பட்டிருந்த ஐந்நூறுக்கும் மேற்பட்ட விலங்குகளுள் மிகப் பெரும்பாலானவை பூனைகள். அவை பதப்படுத்தப்படவில்லை, கொல்லப்பட்டதற்கான அடையாளமும் இல்லை. சிலவற்றின் கழுத்தில் பட்டிகளும் மணிகளும் இருந்தன. களஞ்சியங்களும் கப்பல்களும் உள்ள இடத்தில் பூனையை மக்கள் பாசத்தோடு வைத்திருந்தனர் என்பது இதனால் புலனாகின்றது.

கிழக்கு நோக்கிய பயணம்

சீனாவின் குவான்ஹூகுன் கிராமத்தில் 5,300 ஆண்டுகளுக்கு முற்பட்ட பூனை எலும்புகள் கிடைத்தபோது, அங்கும் வீட்டுப் பூனை இருந்ததாக முதலில் நம்பப்பட்டது. பின்னர் அவை சிறுத்தைப்பூனை என்னும் வேறோர் இனத்தின் எலும்புகள் எனத் தெளிவாயிற்று. தினையும் எலியும் மிகுந்த சீனக் கிராமங்களை அவ்வினமும் அண்டி வாழ்ந்துள்ளது. 2025-இல் வெளியான மற்றோர் ஆய்வின்படி, 3,500 ஆண்டுகளுக்கும் மேலாக அவ்வுறவு நீடித்தது, பின்னர் அற்றுப்போயிற்று. சிறுத்தைப்பூனை மீண்டும் காட்டுக்கே சென்றுவிட்டது. லிபிக்கா வழிவந்த வீட்டுப் பூனை சுமார் 1,400 ஆண்டுகளுக்கு முன்னர் பட்டுப் பாதை வழியாக வணிகரோடு சீனாவை அடைந்தது.

ஒரே வாய்ப்பு இரண்டு இனங்களுக்குக் கிடைத்தது. ஒன்று தங்கியது, மற்றொன்று விலகியது. எலியும் களஞ்சியமும் மட்டும் ஒரு விலங்கை வீட்டு விலங்காக்கிவிடா என்பதற்கு இது போதிய சான்றாகும்.

அப்பாதையிலேயே மற்றொரு செய்தியும் உண்டு. கசகஸ்தானின் ஜான்கென்ட் நகரில், 8 முதல் 10-ஆம் நூற்றாண்டுக்கு இடைப்பட்ட ஒரு பூனையின் எலும்புக்கூடு கிடைத்தது. அப்பகுதியில் வாழ்ந்தோர் கால்நடை மேய்க்கும் ஓகூஸ் துருக்கியர். அப்பூனையின் எலும்புகள் பலவிடங்களில் முறிந்து ஆறியிருந்தன. பற்களும் பல விழுந்திருந்தன. வேட்டையாட இயலாத நிலையிலும் அது புரதம் மிகுந்த உணவை உண்டு வாழ்ந்துள்ளது. எலி பிடிக்கும் பயன் நீங்கிய பின்னரும் யாரோ அதற்கு உணவளித்துக் காத்திருக்கின்றனர்.

முஸ்லிம் அறிஞர் கண்ட பூனை

இஸ்லாம் தோன்றிய காலத்தில் ஹிஜாஸ் மக்களுக்குப் பூனை நன்கு பழகிய விலங்கு. ‘ஹிர்’, ‘கித்’, ‘ஸின்னவ்ர்’ என அதற்கு அறபியில் பல பெயர்கள் உண்டு. தம் குடும்பத்தின் ஆடுகளை மேய்த்துவந்த காலத்தில் சிறு பூனையொன்றை இரவில் மரத்தில் வைத்து, பகலில் உடன் கொண்டுசென்று விளையாடியமையால் தமக்கு அபூ ஹுரைரா என்ற பெயர் வந்ததாக அந்நபித்தோழரே (ரழி) கூறியதைத் திர்மிதீ பதிவுசெய்துள்ளார்.

நபி (ஸல்) அவர்கள் ‘முஇஸ்ஸா’ என்ற பூனையை வளர்த்ததாகவும், அதன் உறக்கம் கலையாதிருக்கத் தம் ஆடையின் கையை வெட்டியதாகவும் ஒரு கதை பரவலாகச் சொல்லப்படுகிறது. ஆரம்பகால ஹதீஸ் தொகுப்புகளில் இதற்கு ஆதாரமில்லை. பூனையின்பால் நபியவர்கள் காட்டிய கருணைக்குச் சான்று தேவையாயின் ஆதாரபூர்வமான ஹதீஸ்களே போதும். புனைவு நமக்கு வேண்டியதில்லை.

ஹி. 255-இல் மறைந்த அல்-ஜாஹிழ் தம் ‘கிதாபுல் ஹயவான்’ என்ற பெருநூலிலும், ஹி. 808-இல் மறைந்த எகிப்திய ஷாபிஈ அறிஞர் அத்-தமீரி தம் ‘ஹயாத்துல் ஹயவான்’ என்ற நூலிலும் பூனை பற்றி விரித்துரைத்துள்ளனர். ஷாபிஈ சட்ட நூல்கள் வீட்டுப் பூனையையும் காட்டுப்பூனையையும் தனித்தனியே எடுத்து ஆராய்கின்றன. இரண்டும் உருவத்தால் ஒன்றுபட்டவை, வாழ்முறையால் வேறுபட்டவை என்பதை அவ்வறிஞர் கண்முன்னே கண்டிருந்தனர்.

அறக்கொடை வரலாற்றிலும் பூனைக்கு இடமுண்டு. 1260 முதல் 1277 வரை ஆண்ட மம்லூக் சுல்தான் பைபர்ஸ், கெய்ரோவில் ஒரு தோட்டத்தைப் பூனைகளின் உணவுக்கென வக்பு செய்தார் எனக் கூறப்படுகிறது. நூற்றாண்டுகள் பல சென்று அத்தோட்டம் கைமாறிய பின்னரும், காழியின் நீதிமன்ற முற்றத்தில் அஸர் வேளையில் பூனைகளுக்கு உணவிடும் வழக்கம் தொடர்ந்ததை, 1820, 1830-களில் அந்நகரில் வாழ்ந்த ஆங்கிலேயர் எட்வர்ட் லேன் எழுதிவைத்துள்ளார்.

இரு வழிகளும் அடைக்கப்பட்டால்

வீட்டுப் பூனை இன்றும் அரைவாசி காட்டு விலங்கே. 2014-இல் வெளியான மரபணுத்தொகுதி ஆய்வு, அதற்கும் காட்டுப்பூனைக்கும் இடையிலான வேறுபாடு நாய்க்கும் ஓநாய்க்கும் இடையிலுள்ளதை விடக் குறைவு எனக் காட்டியது. அச்சம், நினைவு, வெகுமதியுணர்வு ஆகியவற்றோடு தொடர்புடைய சில மரபணுக்களே குறிப்பாக மாறியிருந்தன. மனிதன் தன் விருப்பப்படி பூனையை உருமாற்றத் தொடங்கியது மிக அண்மையில்தான். நவீன பூனைக் கண்காட்சி 1871-இல் இலண்டனில் நடைபெற்றதிலிருந்தே பல வகைகள் திட்டமிட்டு உருவாக்கப்பட்டன.

இந்த அரைவாசி நிலையை மனங்கொண்டு, புகாரியும் முஸ்லிமும் பதிவுசெய்துள்ள மற்றொரு ஹதீஸை நாம் நோக்குதல் வேண்டும். ஒரு பெண் பூனையொன்றை அடைத்துவைத்தாள், அது இறந்தது, அதன் பொருட்டு அவள் தண்டிக்கப்பட்டாள். அவள் அதற்கு உணவும் நீரும் கொடுக்கவில்லை. பூமியிலுள்ள சிற்றுயிர்களைத் தானே தேடி உண்ணுமாறு அதனை விட்டுவிடவுமில்லை. குற்றம் எவ்வளவு நுட்பமாக வரையறுக்கப்பட்டுள்ளது எனக் காண்க. பூனைக்கு வாழும் வழிகள் இரண்டு: மனிதன் உணவளிக்கலாம், அல்லது அது தானே வேட்டையாடலாம். அவள் இரண்டையும் ஒருசேர அடைத்தாள். உடைமையாக வைத்திருக்கும் விலங்குக்கு உணவளிப்பது கடமை என்பதற்கு இமாம் நவவி இந்த ஹதீஸை ஆதாரமாகக் கொண்டார்.

இன்று நம் நகரங்களில் நிகழ்வதும் இதுவே. குட்டியாயிருக்கும்போது அழகுக்காகக் கொண்டுவரப்பட்ட பூனை, வளர்ந்ததும் சந்தையடியிலோ பள்ளிவாசல் வாயிலிலோ விடப்படுகிறது. வீட்டு உணவில் பழகிய அதற்கு வேட்டை தெரியாது. கொங்கிரீற்றுச் சுவர்களுக்கும் விரையும் வாகனங்களுக்கும் இடையே அதற்கு இரையும் இல்லை. அதனை விட்டுவிட்டோம் என்று நாம் மனநிறைவு கொள்ளலாம். பூமியின் சிற்றுயிர்களை உண்ணுமாறு விட்டதாக அது ஆகாது. மறுபுறத்தில், கட்டுப்பாடின்றிப் பெருகும் வீட்டுப் பூனைகள் காட்டுப்பூனைகளோடு கலந்து, அத்தூய இனத்தையே அழிவின் விளிம்புக்குத் தள்ளிய நிலையை ஸ்கொட்லாந்தில் காண்கின்றோம். 2023 முதல் அங்கு காப்பகத்தில் வளர்க்கப்பட்ட காட்டுப்பூனைகளை மீண்டும் காட்டில் விட வேண்டியதாயிற்று. பொறுப்பின்மை இரு பக்கத்திலும் உயிர்களைப் பாதிக்கின்றது.

பூனையை நாம் அழைத்துவரவில்லை என்பதைத் தொல்லியலும் மரபணுவியலும் கூறுகின்றன. நம் களஞ்சியத்தைக் கண்டு அது வந்தது. நம் கப்பல்களில் நம்மோடு உலகெங்கும் சென்றது. படிப்படியாகத் தன் அச்சத்தைத் துறந்தது. அவ்வாறு துறந்த பின்னர், அதன் பாதுகாப்பின் ஒரு பகுதி நம் கையில் ஒப்படைக்கப்பட்டுவிட்டது. வந்த உயிரை விரட்டாமலும் அஞ்சச் செய்யாமலும் பாத்திரத்தைச் சாய்த்துப் பிடித்த அபூ கதாதா (ரழி) அவர்களின் செயல், சுத்தம் பற்றிய சட்டத்தோடு இவ்வொப்படைப்பையும் நமக்குக் கற்பிக்கின்றது. வளர்க்க எண்ணுவோர் அதன் ஆயுள் முழுவதற்கும் பொறுப்பேற்கட்டும். வளர்க்க இயலாதோர் வாசலில் வரும் பூனைக்கு ஒரு கிண்ணம் நீராவது வைக்கட்டும்.

அல்லாஹ்வே யாவற்றையும் நன்கறிந்தவன்.